பால்காரருக்கு முன்னால் வரும் வயலின்

எங்கள் வீட்டில் கடிகாரத்தை யாரும் நம்ப மாட்டார்கள், ரேடியோவைத்தான் நம்புவார்கள். திருநெல்வேலி டவுன் வீட்டின் அடுக்களை ஜன்னல் திண்டில் பழைய மர்பி ரேடியோ ஒன்று இருந்தது. தாத்தா எழுந்ததும் முதல் வேலையாக அதைத் திருகுவார். கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல், வாணலியில் எண்ணெய் காய்கிற மாதிரி. அப்புறம் தம்புரா. அதன்மேல் ஒரு வயலின் எழும்பும். தூரத்துத் தெருவில் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பதில் வராததால் மறுபடியும் கூப்பிடுவது போல இருக்கும். அது முடிந்ததும் வந்தே மாதரம், பிறகு மங்கள இசை. ஆனால் ஆச்சிக்கு மங்கள இசை வரைக்கும் பொறுமை கிடையாது. வயலின் கேட்டதுமே பால் சொம்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவாள்.

ஆல் இண்டியா ரேடியோவின் அந்த நிலைய மெட்டைப் போட்டது யார் என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. நெல்லையப்பர் கோயில் மணியை வார்த்தது யார் என்று கேட்கிறோமா என்ன?

பத்து வயதில் என்னை வயலின் வகுப்பில் சேர்த்துவிட்டார்கள். ஏழெட்டு வருஷம் போனேன். வாசிப்பு வந்ததா என்பது வேறு கதை. ஒரு நாள் சார் காபி குடிக்க உள்ளே போன நேரம் பார்த்து, அந்த ரேடியோ மெட்டை இழுத்துப் பார்த்தேன். உள்ளேயிருந்தே குரல் வந்தது: "காந்தாரத்த எறக்குடே. நீ மோகனம் வாசிச்சிக்கிட்டு இருக்கே."

மோகன ராகத்தின் ஐந்து ஸ்வரங்களில் காந்தாரத்தை மட்டும் அரைப்படி இறக்கினால் சிவரஞ்சனி ராகம். ஒரே ஒரு விரல், ஒரு விரற்கடை பின்னால் நகர்கிறது, அவ்வளவுதான். கல்யாண வீடு போல இருந்த இடம், ரயில் கிளம்பிப் போன பிளாட்பாரம் போல ஆகிவிடும். இறக்கி வாசித்தேன். ரேடியோ வந்துவிட்டது.

"சார், இத யாரு போட்டது?"

"வடக்க யாராவது இருக்கும்."

சார் சொன்னது சரிதான். ஆனால் அவர் நினைத்ததைவிட ரொம்ப வடக்கு.

அந்த மெட்டைப் போட்டவர் என்று பெரும்பாலோர் சொல்லும் வால்டர் காஃப்மன் பிறந்தது 1907 ஏப்ரல் 1-ஆம் தேதி, கார்ல்ஸ்பாத்தில். இன்று செக் நாட்டில் கார்லோவி வாரி என்று அழைக்கப்படும் வெந்நீர் ஊற்று ஊர் அது. அன்று ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசுக்குள் இருந்தது. நம் ஊர்க்காரர்கள் சீசனுக்குக் குற்றாலம் போவது போல, ஐரோப்பாவின் பணக்காரர்கள் உடம்பைத் தேற்றிக்கொள்ள அங்கே போவார்கள். என்ன ஒன்று, அந்தத் தண்ணீரில் குளிப்பதோடு விடாமல் குடிக்கவும் செய்வார்கள். காஃப்மன் ஜெர்மன் பேசும் யூதக் குடும்பத்துப் பையன். இசை படிக்க பெர்லின் போனார்.

அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும். இசையமைப்புக்கு ஃபிரான்ஸ் ஷ்ரேக்கர், ஆபரா என்கிற இசை நாடகத்தில் அந்தக் காலத்து ஜெர்மன் மேடைகளில் பெரிய பெயர். இசையியலுக்கு கர்ட் சாக்ஸ். உலகத்தில் உள்ள இசைக்கருவிகளை எல்லாம் வகை பிரித்து 1914-இல் ஒரு முறையைக் கொண்டுவந்த இருவரில் ஒருவர். தோல், துளை, நரம்பு, கஞ்சம் என்ற நம்முடைய பழைய நாலு பிரிவுக்குப் பக்கத்து வீடு அது. போதாக்குறைக்கு, சார்லாட்டன்பர்க் ஆபராவில் புரூனோ வால்டரிடம் உதவியாளர் வேலை. இருபது சொச்சம் வயதில் ஓர் இசைக்குழு நடத்துநருக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது.

எல்லாம் ஓரிரு வருஷத்தில் போயிற்று. ஷ்ரேக்கரின் அப்பா யூதர் என்பதால் அவரைப் பதவியிலிருந்து விரட்டினார்கள், 1934 மார்ச்சில் செத்துப்போனார். சாக்ஸை 1933-இல் வேலையை விட்டு நீக்கினார்கள், பாரிஸ் போய் அங்கிருந்து நியூயார்க் போனார். புரூனோ வால்டரின் கச்சேரிகளை மிரட்டி நிறுத்தினார்கள். காஃப்மன் பிராகில் ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். வழிகாட்டிப் பேராசிரியர் நாஜி ஆதரவாளர் என்று தெரிந்ததும் பட்டமே வேண்டாம் என்று விட்டுவிட்டதாக அவரைப் பற்றிய குறிப்புகள் சொல்கின்றன.

1934-இல் பம்பாய். ஏன் பம்பாய்? இந்தியாவின் ஆன்மிகம் இழுத்தது, கனவில் வீணை கேட்டது என்றெல்லாம் எதுவும் இல்லை. விசா சுலபமாகக் கிடைத்தது என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். எனக்கு இந்தப் பதில் ரொம்பப் பிடிக்கும். வாட்ஸப்பில் ஃபார்வர்டாக வரும் கதைகளில் எல்லாம் இந்திய இசையின் மேன்மையில் மயங்கி ஓடிவந்த வெள்ளைக்காரராகத்தான் அவர் வருகிறார். உயிர் பிழைக்க ஓடி வருகிறவனுக்கு எந்த வாசல் திறந்திருக்கிறதோ அதுதான் ஊர்.

மயக்கம் எல்லாம் கிடையாது. பம்பாயில் இந்திய இசைத்தட்டுகளை முதன்முதலில் போட்டுக் கேட்டபோது அவருக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். பிடிபடாததற்குப் பிறகு அவர் யோசித்த விதத்தில்தான் விஷயம் இருக்கிறது. இதை உண்டாக்கியவர்களுக்கும் இதயமும் மூளையும் இருக்கிறது, கோடிக்கணக்கானவர்கள் இதை விரும்பிக் கேட்கிறார்கள், அப்படியானால் தப்பு முழுக்க என்னுடையதாகத்தான் இருக்க வேண்டும். சுருக்கமாக இதுதான் அவர் கணக்கு. இரண்டு தடவை கேட்டுவிட்டு "இதெல்லாம் ஒரு பாட்டா" என்று தள்ளிவிடுகிற கூட்டத்தில்தான் நானும் இருக்கிறேன். அதனாலேயே இந்த ஆளை எனக்கு விட முடியவில்லை.

கற்றுக்கொள்வது ஒரு பக்கம் இருக்கட்டும், வயிற்றுக்கு வழி வேண்டுமே. வந்த சில மாதங்களிலேயே பம்பாய் சேம்பர் மியூசிக் சொசைட்டி என்று ஒன்றைத் தொடங்கிவிட்டார். வில்லிங்டன் ஜிம்கானாவில் வியாழக்கிழமைதோறும் கச்சேரி. 1937 மே மாதத்துக்குள் 136 கச்சேரிகள். அந்தக் காலத்துப் படம் ஒன்று இணையத்தில் கிடைக்கிறது. பியானோவில் காஃப்மன், செல்லோவோடு எடிஜியோ வெர்கா என்ற இத்தாலியர், வயலினோடு ஒரு பார்சி இளைஞர். அந்த இளைஞர்தான் மெஹ்லி மேத்தா, பிற்பாடு உலகம் சுற்றிய நடத்துநர் சுபின் மேத்தாவின் அப்பா. நம் காலை நேரத்து வயலினை வாசித்தது மெஹ்லி மேத்தாதான் என்று சொல்வார்கள். படத்தைப் பெரிதாக்கி அவருடைய இடது கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இரண்டாவது விரல்தானே ஆச்சியை வாசலுக்கு அனுப்பியது!

1936 ஜூனில் ஆல் இண்டியா ரேடியோ என்ற பெயர் வந்தது. லண்டன் பிபிசியிலிருந்து வந்த லயனல் ஃபீல்டன் அதன் தலைமையில் இருந்தார். ஒவ்வொரு பெரிய நிலையத்திலும் ஐரோப்பிய இசைக்கு ஒரு பிரிவு. பம்பாயில் அந்தப் பொறுப்பு காஃப்மன் கைக்கு வந்து, 1946 வரை அவரிடம் இருந்தது. நிலைய மெட்டு அந்தத் தொடக்க காலத்தில் உருவானது. தம்புரா, வயலின், வயோலா, மூன்றே கருவி. மெட்டுக்கு வேறு ஓரிருவர் பெயரையும் சொல்கிறவர்கள் உண்டு, ஆனால் பெரும்பாலோர் காஃப்மன் பக்கம்தான். எனக்கும் அதில் சந்தேகம் வரவில்லை. காரணம் அந்த மெட்டின் நடை. நம் ஆள் ஒருவர் போட்டிருந்தால் அந்தக் காந்தாரத்தை அசைக்காமல் விட்டிருப்பாரா? ஒரு குழைவு, ஒரு சின்ன இழுப்பாவது இருந்திருக்கும். இதில் ஸ்வரங்கள் படியில் கால் வைப்பது போல நேராக நிற்கின்றன. ராகம் இங்கே, நடை அங்கே. நீதிமன்றத்தில் இந்தச் சாட்சி நிற்காது, சரி.

டெல்லி நிலையத்தில் இதே வேலையில் இருந்தவர் ஜான் ஃபோல்ட்ஸ் என்ற ஆங்கிலேய இசையமைப்பாளர். ஹார்மோனியம் இந்திய இசைக்கு ஆகாது என்று எழுதியவர்களில் ஒருவர். ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் கமகத்தை அதில் கொண்டுவர முடியாது, சுருதியும் சமரசம் செய்யப்பட்டது என்பது வாதம். 1940-இல் ரேடியோவிலிருந்து ஹார்மோனியம் வெளியேற்றப்பட்டு, முப்பது வருஷத்துக்கு உள்ளே வர முடியவில்லை. தடை வந்ததைப் பார்க்க ஃபோல்ட்ஸ் இல்லை. 1939-இல் கல்கத்தாவில் காலராவில் போய்விட்டார். நம் ரேடியோவின் காதைத் தீட்டியவர்களில் இரண்டு பேர் வெளியூர்க்காரர்கள். ஒருவர் மெட்டைத் தந்தார், இன்னொருவர் ஒரு பெட்டியைப் பூட்ட உதவினார்.

காஃப்மனின் பம்பாய் வீட்டுக்கு இன்னொரு கிளைக்கதை உண்டு. அவர் மனைவி கெர்ட்டி, எழுத்தாளர் காஃப்காவின் மூத்த தங்கை எல்லியின் மகள். அதாவது காஃப்காவின் மருமகள் முறை. வார்டன் ரோடு பக்கம் ரேவா ஹவுஸ் என்ற வீட்டில் குடியிருந்தார்கள். 1939-இல் வில்லி ஹாஸ் என்ற பிராக் நண்பரும் தப்பித்து பம்பாய் வந்து சேர்ந்தார். பெர்லினில் பெயர்பெற்ற இலக்கிய வார இதழை நடத்தியவர். பம்பாயில் மோகன் பவ்னானியின் சினிமா கம்பெனிக்குக் கதை எழுதினார், காஃப்மன் அதே கம்பெனிப் படங்களுக்கு இசையமைத்தார். காஃப்கா மிலேனாவுக்கு எழுதிய கடிதங்களைப் பிற்காலத்தில் பதிப்பித்தவர் இதே ஹாஸ்தான். ஆக, காஃப்காவின் மருமகளுடைய வீட்டுக்காரரும் காஃப்காவின் காதல் கடிதங்களைப் பதிப்பித்தவரும் பம்பாயில் உட்கார்ந்து இந்திப் படத்துக்கு வேலை பார்த்திருக்கிறார்கள். சினிமாக்காரர்கள் யாராவது இதைக் கதையாகச் சொன்னால் நம்பவே மாட்டோம்.

ஆனால் இதற்கு ஓர் அடிப்பக்கமும் இருக்கிறது. 1938-இல் மியூனிக் ஒப்பந்தத்தோடு கார்ல்ஸ்பாத் ஹிட்லர் கைக்குப் போனது. காஃப்காவின் தங்கைகள் மூன்று பேரும் நாஜிகளால் கொல்லப்பட்டார்கள். கெர்ட்டியின் அம்மா எல்லியை 1941-இல் போலந்தில் யூதர்களை அடைத்து வைத்திருந்த வூட்ஜ் கெட்டோவுக்குக் கொண்டுபோனார்கள், அவர் திரும்பவில்லை. மகள் தப்பித்தாள். "விசா சுலபமாகக் கிடைத்தது" என்ற வாக்கியத்தை இதைத் தெரிந்துகொண்டு மறுபடி படித்தால் தொண்டையில் மாட்டுகிறது.

பம்பாய் வருஷங்களில் அவர் நிறைய எழுதினார். 1938-இல் 'அனசூயா' என்ற வானொலி ஆபரா ஒலிபரப்பானது, பிறகு ஓர் இந்தியன் சிம்பொனி, நால்வர் இசைகள், வயலின் சொனாட்டாக்கள். போர் முடிந்தபின் 1946-இல் கிளம்பிவிட்டார். லண்டனில் ஒரு வருஷம் பிபிசிக்காக இசைக்குழு நடத்தினார். 1947-இல் கனடாவின் ஹாலிஃபாக்ஸில் பியானோ ஆசிரியர். 1948-இல் வின்னிபெக்.

வின்னிபெக்கில் குளிர்காலத்து ராத்திரி மைனஸ் முப்பதுக்கு இறங்குவது சாதாரணம். பம்பாய் மகாலட்சுமி கோயில் பக்கத்துக் கடல்காற்றில் பன்னிரண்டு வருஷம் இருந்தவர் அங்கே போய் நின்றிருக்கிறார். ஊருக்குப் புதிதாக ஒரு சிம்பொனி இசைக்குழு, அதற்கு முதல் இசை இயக்குநர் இவர். 1948 டிசம்பர் 16-ஆம் தேதி முதல் கச்சேரி. புது இசைக்குழுவை நடத்துகிறவருக்குக் கோலைத் தூக்குவது கடைசி வேலை. அதற்கு முன்னால் ஆள் பிடிக்க வேண்டும், பகலில் வேறு வேலை பார்க்கிறவர்களுக்கு ஏற்ற மாதிரி ஒத்திகை நேரம் பார்க்க வேண்டும், ஊர்ப் பெரிய மனிதர்களைச் சந்தா கொடுக்க வைக்க வேண்டும். நம் ஊர் சபா செயலாளர் படுகிற பாடுதான். பம்பாயில் வியாழக்கிழமைக் கச்சேரி நடத்தியவருக்கு இதெல்லாம் அத்துப்படியாகியிருக்கும். வின்னிபெக் பாலேவுக்கு 1949-இல் 'விசாஜ்' என்ற நடனத்துக்கு அவர் இசை எழுதினார். பியானோ கலைஞர் ஃப்ரீடா ட்ரெப்பலைத் திருமணம் செய்துகொண்டதும் இந்த ஊரில் இருந்த காலத்தில்தான்.

இதற்கு நடுவே ஒன்று. 1948-இல் அமெரிக்காவின் பாஸ்டன் பாப்ஸ் இசைக்குழு காஃப்மனின் புதிய படைப்பு ஒன்றை அரங்கேற்றியது. அதன் பெயர் 'மெட்ராஸ் எக்ஸ்பிரஸ்'. பெயரைப் பார்த்ததும் நான் தாதரில் ஏறி, இரண்டாம் நாள் அரக்கோணம் தாண்டி, சென்ட்ரல் வரப்போகிறது என்று பெட்டி படுக்கையைக் கட்டிய ஞாபகம் எல்லாம் வந்தது. இப்படி ஒன்று இருப்பதே சென்னையில் எத்தனை பேருக்குத் தெரியும்? டிசம்பர் சீசனில் நூற்றுக்கணக்கான கச்சேரிகள் நடக்கும் ஊரில் ஒரு சாயங்காலம் இதற்கு ஒதுக்கினால் குடி முழுகிப்போகாது.

1957-இல் புளூமிங்டனில் உள்ள இந்தியானா பல்கலைக்கழகத்தில் இசையியல் பேராசிரியரானார். 1977-இல் ஓய்வு பெறும் வரை அங்கேதான். ஹாத்தார்ன் நாவலை வைத்து எழுதிய 'தி ஸ்கார்லெட் லெட்டர்' ஆபரா 1961-இல் அங்கே மேடையேறியது. ஆனால் அந்த ஊரில் அவர் செய்த பெரிய வேலை ராகங்களைப் பட்டியலிட்டது. 1968-இல் வட இந்திய ராகங்கள் பற்றிய நூல், 1976-இல் தென்னிந்திய ராகங்கள். நடுவில் திபெத்திய பௌத்த ஓதுமுறை பற்றி ஒன்று, இவற்றுக்கெல்லாம் முன்னால் 1967-இல் கீழை நாடுகளின் இசைக்குறிப்பு முறைகள் பற்றி ஒன்று. பம்பாயில் இசைத்தட்டு முன்னால் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருந்தவர் முப்பது நாற்பது வருஷம் கழித்து எழுதியவை இவை.

தென்னிந்திய ராகங்கள் நூலை ஒரு பழைய நூலகத்தில் எடுத்துப் பார்த்தேன். செங்கல் கனம். மேளகர்த்தா என்கிற எழுபத்திரண்டு தாய் ராகங்களின் வரிசைப்படி, ஒவ்வொரு மேளத்துக்கும் கீழே அதிலிருந்து பிறந்த ஜன்ய ராகங்கள், மேற்கத்திய முறையில் ஐந்து கோட்டில் ஆரோகணம், அவரோகணம். எட்டாவது மேளத்துக்குத் திருப்பினேன். தோடி. ஏழு முட்டைகள் வரிசையாக ஏறுகின்றன, வரிசையாக இறங்குகின்றன. ஐரோப்பிய வயலின்காரர் யாரிடமாவது அந்தப் பக்கத்தைக் கொடுத்தால், ஃபிரிஜியன் என்று அவர்கள் ஊர்ப் பெயரைச் சொல்லி ஐந்து வினாடியில் வாசித்து முடித்துவிடுவார். அதில் தோடி இருக்காது. தோடியின் காந்தாரம் ஒரு இடத்தில் நிற்கும் ஸ்வரம் இல்லை, அது ஒரு ஊசல். நான் அதைப் பிடிக்க இரண்டு வருஷம் சாரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன்.

முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. இவ்வளவு பெரிய புத்தகம் போட்டு எலும்புக்கூட்டை மட்டும் வரைந்திருக்கிறாரே என்று. அப்புறம்தான் அட்டையில் துணைத்தலைப்பைக் கவனித்தேன். ஸ்வரவரிசைகளின் அட்டவணை, அவ்வளவுதான் அவர் போட்டிருப்பது. இது ராகம் என்று அவர் சொல்லவே இல்லை. வீட்டு வாசலில் பெயர்ப்பலகை எழுதுகிறவர் வீட்டுக்குள் நடப்பதையும் எழுதுவார் என்று எதிர்பார்த்தது என் தவறு. ஆயினும் ஓர் ஆதங்கம் போகவில்லை. அவ்வளவு வருஷம் ராகங்களோடு இருந்தவர், தன் காது எங்கே தடுக்கியது, எங்கே திறந்தது என்று நாலு பக்கம் எழுதிவைத்திருந்தால் இந்த அட்டவணையைவிட அதைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்திருப்பேன்.

1984 செப்டம்பரில் புளூமிங்டனில் காலமானார். அதற்கப்புறம் அவருடைய கையெழுத்துப் பிரதிகள் பல்கலைக்கழக நூலகப் பெட்டிகளில் தூங்கின. ஊர் ஊராக மாறியவனுக்கு இது ஒரு சாபம். ஜெர்மானியர்களுக்கு அவர் போய்விட்டவர், செக்காரர்களுக்கு ஜெர்மன் பேசியவர், கனடாக்காரர்களுக்கு ஒரு பத்து வருஷ நடத்துநர், அமெரிக்கர்களுக்குப் புத்தகம் எழுதிய பேராசிரியர். நமக்கோ பால்காரர் வரும் நேரம். அவர் பாட்டைத் தன் பாட்டு என்று எடுத்து வாசிக்க ஓர் ஊர் இல்லை. 2020-இல்தான் டொரன்டோவின் ஏஆர்சி என்சாம்பிள் குழு அவருடைய சில சேம்பர் படைப்புகளை எடுத்து, சான்டோஸ் நிறுவனத்தின் மூலம் இசைத்தட்டாகக் கொண்டுவந்தது. நாடு விட்டு ஓட நேர்ந்த இசையமைப்பாளர்களைத் தேடித் தேடி வாசிக்கிற குழு அது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது சாரைப் பார்க்கப் போனேன். எண்பதைத் தாண்டிவிட்டார். விரல் நடுங்குகிறது, ஆனால் காது அப்படியே இருக்கிறது. ரேடியோ மெட்டின் கதையைச் சொன்னேன். கார்ல்ஸ்பாத்தை அவருக்குப் புரியவைக்கக் குற்றாலத்தையே துணைக்கு அழைக்க வேண்டியிருந்தது. "நான் வடக்கன்னு சொன்னேம்லா" என்றார், விட்டுக்கொடுக்காமல்.

போனில் அந்த இசைத்தட்டிலிருந்து பதினோராவது ஸ்ட்ரிங் குவார்டெட்டைப் போட்டு அவர் பக்கத்தில் வைத்தேன். இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ. கொஞ்ச நேரம் பழக்கத்தில் தொடையில் தாளம் போட்டார். தாளம் நழுவியது, கையை எடுத்துவிட்டார். நெற்றியைச் சுருக்கினார். "நாலு பேரும் நாலு தெருவுல போறானுவளே" என்றார். நான் நிறுத்தப் போனேன். கையைக் காட்டி வேண்டாம் என்றார். கண்ணை மூடிக்கொண்டார். உள்ளேயிருந்து டீச்சரம்மா காபி கொண்டுவந்து வைத்தது ஆறிப்போனது.

முடிந்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. போனை விரலால் என் பக்கம் தள்ளினார்.

"ஒண்ணும் பிடிபடல. இன்னொரு மட்டம் போடு."